பேசாத தமையனின் வாழ்வுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி?

கேள்வியின் சுருக்கம் இது. யாழ்ப்பாணத்தில் வசிக்கும் ஒரு சகோதரியின் நாற்பத்திரண்டு வயதுத் தமையனுக்குப் பிறவியிலிருந்தே கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உண்டு. பேச்சில்லை, வலிப்புக்கு மருந்து எடுக்கிறார், குளிப்பு, உடுப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள்துணை வேண்டும். சென்ற ஆண்டு தாயார் காலமானபின் பராமரிப்பு முழுவதும் தங்கையின் கைக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் படலையடியில் நின்று பிள்ளைகள் போவதைப் பார்ப்பவர், இப்போது விறாந்தையை விட்டு இறங்குவதில்லை. சில நாட்களில் தலையில் அடித்துக்கொள்கிறார். இதற்கிடையில் இரண்டு கண்களிலும் புரை என்று கண்டிருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். கிளினிக்கில் தந்த ஒரு படிவத்தில் அவருடைய வாழ்க்கைத் தரத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டிருக்கிறார்கள், அங்கிருந்த ஒருவர் "பார்வை வந்து இவர் என்ன செய்யப்போகிறார்?" என்றும் கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த அண்ணன், "அவனுக்கு இது ஒரு வாழ்க்கையா? கஷ்டப்படுத்தாமல் ஓர் இல்லத்தில் விடு" என்கிறார். தன்னுடைய மதிப்பீட்டைத் தானே நம்பலாமா என்பதுதான் சகோதரியின் கேள்வி.

ஒரு பகுதியை நம்பலாம்; இன்னொரு பகுதியைச் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். எந்தப் பகுதி எது என்பதை விளங்கிக்கொள்ள, அந்தப் படிவம் உண்மையில் எதைக் கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். "இவருடைய வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இப்படியொரு நிலையில் நான் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்பது ஒன்று. இவர் வாழும் வாழ்க்கை இவருக்கு எப்படி இருக்கிறது என்பது மற்றது. உங்கள் அண்ணனும், கிளினிக்கில் கேட்ட அந்த நபரும் முதலாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்குச் சொன்னதாக எண்ணிக்கொள்கிறார்கள். பேசியும் வாசித்தும் சம்பாதித்தும் பழகிய ஒருவர் அவற்றை இழப்பதாகக் கற்பனை செய்து அடையும் துக்கத்தை, அவற்றை ஒருபோதும் கொண்டிராத ஒருவர்மேல் ஏற்றிவிடுகிறார்.

மருத்துவ ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் இகியூ-5டி என்ற வினாக்கொத்தில் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே காணலாம். நோயாளிக்குப் பதிலாக மற்றொருவர் நிரப்புவதற்கென அதில் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் பராமரிப்பவர் தன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். மற்றதில், நோயாளியால் சொல்ல முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டும். உங்களிடம் தந்த படிவம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தந்தவருக்கே தெரியாமல் இருக்கும். அந்த வினாக்கொத்து கேட்கும் ஐந்து விடயங்களையும் கவனியுங்கள்: நடமாட்டம், தன்னைத் தான் கவனித்தல், வழமையான வேலைகள், வலி அல்லது உபாதை, பதற்றம் அல்லது மனச்சோர்வு. இவற்றுள் தன்னைத் தான் கவனித்தலிலும் வழமையான வேலைகளிலும் உங்கள் தமையன் பிறந்த நாளிலிருந்தே குறைந்த புள்ளிதான் பெறுவார். வலியில்லாமல், சிரித்த முகத்தோடு, பிடித்தவர்கள் சூழ இருக்கும் நாளிலும் அந்தக் கணக்கு மாறாது. அதாவது அவருடைய குறைபாட்டையே அளந்துவிட்டு, அதை வாழ்வின் தரம் என்று தாளில் எழுதுகிறோம்.

இந்தக் குழப்பம் படிவத்தோடு நின்றுவிடுவதில்லை. 2020 மார்ச் 20 அன்று, கொரோனா பரவத் தொடங்கிய வேளையில், இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. முதியோரின் தளர்ச்சியை அளக்க உருவான ஒன்பது படி அளவுகோல் ஒன்று அதில் பயன்பட்டது. அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் துணை தேவைப்படுபவர் அந்த அளவுகோலில் தளர்ந்தவராகக் கணக்கிடப்படுவார். எண்பது வயதில் அந்த நிலைக்கு வந்தவருக்கும், இருபது வயதில் திடகாத்திரமாக இருந்துகொண்டே பிறப்பிலிருந்து துணை தேவைப்படுபவருக்கும் ஒரே எண். குடும்பங்களும் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்த பின்னர், அறிவுத்திறன் குறைபாடு போன்ற நீடித்த, மாறாத நிலையில் உள்ளவர்களுக்கு அந்த அளவுகோலைப் பயன்படுத்தக்கூடாது என்று அதே மாதம் 25ஆம் திகதி திருத்தினார்கள். அந்த ஐந்து நாட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கெட்ட எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. பொருந்தாத ஓர் அளவுகோல் மட்டும் இருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவரின் கணிப்பும் உள்ளே வாழ்பவரின் கணிப்பும் எவ்வளவு விலகும் என்பதற்கு அமெரிக்காவில் அல்பிரெக்ற், டெவ்லீகர் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வை வழக்கமாகக் காட்டுவார்கள். கணிசமான குறைபாடுகளோடு வாழ்ந்தவர்களில் 54.3 வீதமானோர் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் இதை உங்கள் தமையனுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆய்வில் பங்குபற்றியவர்களால் பேசவும் சொல்லவும் முடிந்தது. உங்கள் தமையனைப் பொறுத்தவரை ஊகத்தின் இடத்தில் இன்னொரு ஊகத்தை வைக்காமல், அவர் உடலாலும் முகத்தாலும் நடத்தையாலும் தருகின்ற சான்றைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சான்றை வாசிப்பதில் நீங்கள் எவ்வளவு வல்லவர்? பிறருக்காகப் பதில் சொல்பவர்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிகின்ற விடயங்களில், அதாவது எவ்வளவு சாப்பிட்டார், எப்படி நடந்தார், எத்தனை முறை விழித்தார் என்பவற்றில், அவர்களுடைய பதில் பெரிதும் சரியாக இருக்கிறது. மனத்துக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறுகிறது. தன்வாழ்வில் ஒருவர் காணும் நிறைவை இன்னொருவர் அவருக்காக அளந்து சொல்வது செல்லுபடியாகாது என்றே அவுஸ்திரேலிய ஆய்வாளர் ரொபேர்ட் கமின்ஸ் வாதிட்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நாற்பது வருடப் பழக்கம் உள்ளவருக்கும் நேற்று வந்த ஊழியருக்கும் வித்தியாசம் இல்லையென்று சொல்ல முடியாது. என்றாலும் பழக்கமும் ஏமாற்றும். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் கடுமையான குறைபாடு உடையவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களைப் பராமரித்த ஊழியர்களிடம் கேட்டார்கள். பிறகு அந்தப் பொருட்களை முறைப்படி அவர்கள் முன் வைத்து, எதை நாடுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஊழியர்கள் சொன்ன வரிசையும் அவர்கள் நாடிய வரிசையும் பொருந்தவில்லை.

இந்தச் சோதனையை நீங்கள் வீட்டில் இன்றைக்கே செய்யலாம். இரண்டு பொருட்களை, உதாரணமாக மாம்பழத் துண்டையும் பிஸ்கற்றையும், அவருக்கு எட்டும் தூரத்தில் ஒன்றாக வையுங்கள். எதை எடுக்கிறார், எதை நோக்கித் திரும்புகிறார், எதைத் தள்ளுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இடத்தையும் வலத்தையும் மாற்றி வையுங்கள். சிலருக்குப் பொருளில் விருப்பமிராது, ஒரு கை மட்டும் வசதியாக இருக்கும். பார்வை குறைந்திருப்பதால் பொருட்களைத் தொட்டும் மணந்தும் பார்க்க விடுங்கள். சாப்பாட்டோடு நிறுத்தாமல் வானொலி, துவாலை, இருக்கும் இடம், கூட இருக்கும் ஆள் என்று விரித்துக்கொண்டு போங்கள். கோயில் திருவிழா அவருக்குப் பிடிக்கும் என்று குடும்பம் முழுவதும் சொல்லும். மேளமும் ஒலிபெருக்கியும் சனநெருக்கமும் அவருக்குப் பிடிக்கிறதா, அல்லது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனது பிடித்ததா என்பதை எவரும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்ததாக அவர் நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பதை எழுதி வையுங்கள். இது மிக முக்கியம். பலரும் செய்யாததும் இதுதான். வட இங்கிலாந்தில் ஒரு நோவுதணிப்பு இல்லத்தைச் சேர்ந்த வைத்தியர்களும் தாதியரும் உருவாக்கிய டிஸ்டாற் என்ற கருவி இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. எல்லாருக்கும் பொதுவான வலிக்குறிகளைத் தேடாமல், இந்த ஆள் நிம்மதியாக இருக்கும்போது முகம், கண், தோலின் நிறம், குரல், கையின் அசைவு, உடலின் இருப்பு, தூக்கம் எப்படி இருக்கும், உபாதையில் இருக்கும்போது எப்படி மாறும் என்று இரண்டு பக்கமாக எழுதுவார்கள். வேறொருவரிடம் அலறலாகத் தெரிகின்ற சத்தம் உங்கள் தமையனிடம் சந்தோசமாக இருக்கலாம். மற்றவர்கள் "அமைதியாக இருக்கிறார்" என்று மகிழ்கின்ற நிலை அவரிடம் வயிற்றுவலியாக இருக்கலாம். இதை நீங்கள் மட்டும் எழுத வேண்டாம். பகலில் வந்து உதவுபவர், அயல்வீட்டு அக்கா, முன்பு பாடசாலையிலோ பராமரிப்பு நிலையத்திலோ பழகியவர் எவராவது இருந்தால், தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். எங்கள் ஊரில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலையில் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். "இவர்களுக்கு இப்படித்தான்" என்று சொல்லி நடத்தையைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது, நோய்கள் கவனிக்கப்படாமல் போவதற்கு உலகமெங்கும் காரணமாக இருக்கிறது. 2013இல் வெளியான இங்கிலாந்து விசாரணை ஒன்று, அறிவுத்திறன் குறைபாடு உடைய ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 வருடங்களும் பெண்கள் மற்றப் பெண்களைவிட 20 வருடங்களும் முந்தி இறப்பதாகக் கண்டது. தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் அவற்றுள் பல. ஆகவே உங்கள் தமையனின் மனநிலையைப் பற்றி எதையும் முடிவு செய்யுமுன் உடலைப் பாருங்கள். பல், ஈறு, காது, மலச்சிக்கல், நெஞ்செரிவு ஆகியவை முதலில் வரும். கடுமையான குறைபாட்டோடு இல்லங்களில் வாழ்ந்தவர்களை நெதர்லாந்தில் பரிசோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரைப்பை அமிலம் மேலேறும் கோளாறு இருந்தது. சாப்பிட்ட பின்னோ படுத்த பின்னோ அடிப்பது கூடினால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுப்பவராக இருந்தால் ஈறு தடித்து வீங்கக்கூடும். டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களின் குடும்பத்தவருக்கும் இங்கே ஒரு வார்த்தை: தைரொயிட் குறைவதும், மற்றவர்களைவிடப் பல வருடங்கள் முந்தியே மறதிநோய் தொடங்குவதும் அவர்களிடம் அதிகம், நாற்பது வயதுக்குப் பிறகு "மாறிவிட்டார்" என்று தோன்றினால் தள்ளிப்போட வேண்டாம்.

படலையடிக்குப் போகாமல் விட்டதைப் பற்றி "எதிலும் நாட்டமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இது உங்கள் முடிவு, சான்று அல்ல. சான்று என்பது, பிற்பகலில் வெளியே போவதில்லை என்பது மட்டும். புரை உள்ள கண்ணுக்கு வெயில் கூசும். விறாந்தையின் நிழலிலிருந்து வெள்ளை மணல் முற்றத்தில் இறங்குவது அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டு இறக்குவதுபோல இருக்கக்கூடும். மாலை வெயில் தாழ்ந்த பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போனால் வருகிறாரா என்று சில நாட்கள் பாருங்கள். வந்தால் நாட்டம் இருக்கிறது, பார்வைதான் தடுக்கிறது.

வராவிட்டால் துக்கமாகவும் இருக்கலாம். லண்டனில் ஷீலா ஹொலின்சும் உடன் ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களில் பெற்றோரை இழந்த 50 பேரையும் இழக்காத 50 பேரையும் ஒப்பிட்டார்கள். இழந்தவர்களிடம் நடத்தை மாற்றங்களும் மனநலப் பிரச்சினைகளும் தெளிவாகக் கூடியிருந்தன. பராமரித்தவர்களோ அவற்றை இழப்போடு பெரும்பாலும் தொடர்புபடுத்தவில்லை. எங்கள் வீடுகளில் செத்தவீட்டன்று இப்படியானவரை அயலில் எங்காவது கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவர் திரும்பி வந்து, அம்மா இல்லாத வீட்டைக் காண்பார். அன்போடு செய்வதுதான், ஆனாலும் அவருக்கு விடைபெறும் சந்தர்ப்பம் இல்லாமல் போகிறது. உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்திருந்தால் இப்போதும் காலம் கடந்துவிடவில்லை: அம்மாவின் சேலையை அவர் கையில் கொடுங்கள், படத்தடியில் விளக்கு வைக்கும்போது அவரையும் பக்கத்தில் இருத்துங்கள், ஆண்டுத் திவசத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

இதனால்தான் "அவருக்கென்ன, ஒரு கவலையும் இல்லாத கடவுளின் குழந்தை" என்ற பேச்சை நான் அண்ணனுடைய பேச்சுக்கு இணையாகவே அஞ்சுகிறேன். அண்ணனுடைய பேச்சு அவருடைய சந்தோசத்தை மறைக்கிறது; இந்தப் பேச்சு வலியையும் துக்கத்தையும் மறைக்கிறது. முற்பிறப்பின் வினை என்று சொல்பவர்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கு எதுவும் இல்லை. அவர்கள் அவரைப் பார்க்கவேயில்லை.

இனி உங்களைப் பற்றி. பராமரிப்பவரின் களைப்பும் மனச்சோர்வும் அவர் கொடுக்கும் புள்ளியைக் கீழே இழுப்பது பல நோய்கள் தொடர்பான ஆய்வுகளில் காணப்படுகிறது. இரவில் மூன்று முறை எழும்பியவருக்குக் காலையில் யாருடைய வாழ்க்கையும் நல்லதாகத் தெரியாது. இதற்காக உங்கள் களைப்பை அடக்கவோ மறைக்கவோ வேண்டியதில்லை. அதை அதன் பெயராலேயே தனித் தாளில் எழுதுங்கள். "என்னால் இனித் தனியே முடியாது" என்பது முழுமையான, நேர்மையான காரணம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "அவருக்கு இங்கே வாழ்க்கை சரியில்லை" என்று மாற்றிச் சொல்லும்போதுதான் அவருடைய கணக்கும் உங்கள் கணக்கும் கலந்து, இரண்டுமே பிழையாகிவிடுகின்றன. வீடு யாருக்கு எழுதப்பட்டதோ அவரே தமையனையும் பார்க்க வேண்டும் என்று சொல்லாமலே தீர்மானித்துவிடும் எங்கள் வழக்கத்தில், பெண் பிள்ளைக்கு இப்படிச் சொல்ல இடமே கொடுப்பதில்லை.

எதை எதையெல்லாம் பார்ப்பது என்ற விடயத்தில் வாழ்க்கைத் தரத்தை ஆராய்ந்த சாலொக் என்பவர் வகுத்த எட்டுத் துறைகள் உலகளவில் பயன்படுகின்றன: மனநலம், உறவுகள், பொருள் வசதி, வளர்ச்சி, உடல்நலம், சுயநிர்ணயம், சமூகத்தில் கலத்தல், உரிமைகள். ஸ்பெயினில் 2014இல் வெளியான சன் மார்ட்டின் அளவுகோல், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கென்றே இவற்றை 95 கூற்றுகளாக விரித்தது. எட்டையும் நீங்கள் அளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும் துறை சுயநிர்ணயம். எப்போது குளிப்பது, எந்தச் சாரம் கட்டுவது, எங்கே இருப்பது, எந்தக் கறியை முதலில் தருவது என்று ஒரு நாளில் எத்தனை இடத்தில் அவருடைய விருப்பத்தைக் கேட்கிறோம் என்று மட்டும் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

கண் சத்திரசிகிச்சைக்கு வருகிறேன். இதை யோசிக்கும்போது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில உயர் நீதிமன்றம் 1977இல் வழங்கிய செய்க்கவிச் தீர்ப்பு எனக்கு உதவுகிறது. 67 வயதான ஜோசப் செய்க்கவிச், வாழ்நாளில் பெரும்பகுதியை அரச நிலையங்களில் கழித்தவர். மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையவர். இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து கொடுத்தாலும் சில மாதங்களே கூடக் கிடைக்கலாம்; காரணம் விளங்காத அவரைக் கட்டி வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கொடுக்காமல் விடலாம் என்று தீர்மானித்த நீதிமன்றம், ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னது: அவருடைய குறைபாட்டைக் காரணமாகக் காட்டி அவருடைய உயிருக்கு மதிப்புக் குறைவு என்று சொல்வதை ஏற்க முடியாது, வாழ்க்கைத் தரம் என்று பேசினால் சிகிச்சை அவருக்குக் கொண்டுவரும் வலியையும் திகைப்பையுமே அது குறிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பின் முடிவோடு உடன்படாதவர்கள் உண்டு. ஆனால் எடைபோட வேண்டியது சிகிச்சையைத்தான், ஆளை அல்ல என்ற அந்தப் பிரிப்பு உங்களுக்கும் பயன்படும்.

அப்படி எடைபோட்டால் உங்கள் தமையனின் பக்கம் வேறு திசையில் சாய்கிறது. சுமை என்பது சில மணிநேர மயக்கமும் சில வாரங்கள் கண்ணைக் காப்பதும். பயன் என்பது, பேச்சில்லாத ஒருவருக்கு உலகத்தோடு இருக்கும் முதன்மையான வழி திரும்பக் கிடைப்பது. "பார்வை வந்து என்ன செய்யப்போகிறார்" என்று கேட்டவருக்குப் பதில்: சாப்பாட்டுக் கோப்பை வருவதைப் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிள்ளைகள் சைக்கிளில் போவதைப் பார்ப்பார். மயக்க வைத்தியர் நெஞ்சையும் வலிப்பையும் பார்த்துத் தடை சொன்னால் அது வேறு விடயம்; அந்தத் தடை மருத்துவத் தடையாக இருக்க வேண்டும். இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, குறைபாட்டைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்கும்படி அரசுகளைக் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் இந்நாட்டில் இருக்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியிராது. தெரிந்து வைத்திருந்தால் குரல் தளராது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இரண்டு கண்களையும் ஒரே மயக்கத்தில் செய்ய இயலுமா? கண்ணைக் கசக்கக்கூடியவர் என்பதால் காயத்துக்குத் தையல் போடுவார்களா? அதே மயக்கத்தில் பல்லைப் பார்க்கவும் இரத்தம் எடுக்கவும் ஒழுங்கு செய்யலாமா? நீங்கள் மயக்கம் ஏறும்வரையும் தெளியும்போதும் பக்கத்தில் நிற்கலாமா? கண்ணுக்குத் துளிமருந்து விடுவதை இப்போதே வெறும் தண்ணீர் நனைத்த பஞ்சால் இமையைத் தொட்டுப் பழக்குங்கள். நன்றாக இருக்கும்போதும் உபாதையில் இருக்கும்போதும் எப்படி இருப்பார் என்று எழுதிய அந்த இரண்டு பக்கங்களின் பிரதியைத் தாதியரிடம் கொடுங்கள். புள்ளியைக் காட்டிலும் அதுவே விடுதியில் பயன்படும்.

இல்லத்தில் விடுவதைப் பற்றிய தீர்மானத்தைக் கண் ஆறும்வரை எடுக்க வேண்டாம். தாயை இழந்து, பார்வை மங்கி, வலி இருக்கிறதா என்பதும் தெரியாத நிலையில் இருப்பவரைப் புதிய இடத்தில் விட்டுவிட்டு, அங்கே அவர் எப்படி இருக்கிறார் என்று எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. பிறகு தேவைப்பட்டால் முதலில் சில நாட்கள் தங்கவைத்து, இதே முறையில் எழுதிப் பாருங்கள்: நித்திரை கொள்கிறாரா, நிறை குறைகிறதா, எவரையாவது தேடிப் போகிறாரா, அவருடைய விருப்பத்தை அங்கே எவராவது கேட்கிறார்களா. அண்ணனுக்கு இந்தக் குறிப்புகளை அனுப்புங்கள். அவர் வீடியோ அழைப்பில் காண்பது பெரும்பாலும் இங்கே இரவு நேரம். தமையன் களைத்துப்போய் இருக்கும் வேளை. விடியற்காலை தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். அத்துடன் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாரங்களில் இரவுக்கு ஓர் ஆளை வைப்பதற்கான சம்பளத்தை அனுப்பும்படியும் நேராகக் கேளுங்கள்.